ஹேடோ ஸ்டோரில் முப்பத்தைந்து மழைக்காலம்

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஸ்டோரில் முதல் வேலை சிலிக்கா ஜெல் பைகளைத் திறந்து பார்ப்பதுதான். மிளகுப் பருமனில் இருக்கும் அந்த மணிகள் காய்ந்திருந்தால் நீலமாக இருக்கும். ஈரம் குடித்துவிட்டால் வெளிறிய ரோஜா நிறத்துக்கு மாறிவிடும். அந்தமானில், போர்ட் பிளேரின் ஹேடோவில் மழை பிடித்துக்கொண்டால் இரண்டு வாரத்துக்கு மேல் எந்தப் பையும் நீலமாக இருந்து நான் பார்த்ததில்லை. எடுத்து ஓவனில் வைத்துக் காயவிட்டு, நீலம் திரும்பியதும் மறுபடி அந்தந்தப் பெட்டிக்குள் வைப்போம். டிசம்பர் வரைக்கும் இதே வேலை. வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர், கூப்பிடு தூரத்தில் கடல், காற்றெல்லாம் உப்பு. இந்த மூன்றுக்கும் நடுவில் இரும்பைத் துருப்பிடிக்காமல் வைத்திருப்பதற்காக எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

1986-இல் சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் வந்து ஹேடோ துறையில் இறங்கினேன். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து எனக்கு முன்னே வந்திருந்த சித்தப்பா ஜங்கிலிகாட்டில் இருந்தார். அவர் சொல்லித்தான் ஸ்டோரில் உதவியாளர் வேலைக்கு எழுதிப் போட்டேன். எந்தத் துறையின் ஸ்டோர், எந்தக் கப்பலுக்கு எத்தனை கொடுத்தோம் என்பதை எழுதும் வழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. கப்பல்களுக்கு உதிரிபாகமும் சாமானும் கொடுக்கிற ஸ்டோர் என்பது போதும். 2021-இல் ஓய்வு பெற்றேன்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் கடற்படையில் ஸ்டோர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, இங்கே வந்து சேர்ந்தவர். எங்கள் சீமைக்காரர்தான். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். முதல் வாரத்தில் ஒரு பேரிங்கை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, எண்ணெய்த்தாளைப் பிரித்து, விரலால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து கையிலிருந்து வாங்கினார்.

“தம்பி, இது இனிமே கப்பலுக்குப் போகாது. உன் கை வேர்வையில உப்பு இருக்கு. அடுத்த வாரம் வந்து பாரு.”

அடுத்த வாரம் பார்த்தேன். என் பெருவிரல் ரேகை அப்படியே பழுப்பாகத் துருப்பிடித்து அந்த வளையத்தில் பதிந்திருந்தது. அவர் அதைத் தூக்கி எறியவில்லை. என் மேஜை மேல் வைத்தார். முப்பத்தைந்து வருடம் அது என் மேஜையிலேயே இருந்தது.

ஸ்டோர் வேலை என்றால் எடுத்து வைப்பதும் எடுத்துக் கொடுப்பதும் என்று வெளியே நினைக்கிறார்கள். அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம், சும்மா கிடக்கும் பொருள் எப்படிச் சாகும் என்பதைத்தான். பெரிய பேரிங்கை நிறுத்தி வைத்தால் தன் பாரத்திலேயே வளையம் வட்டம் இழக்கும். படுக்க வைக்க வேண்டும். ஓடுகிற மோட்டாருக்குப் பக்கத்து ரேக்கில் வைத்தால், சுற்றாமலே அதிர்ந்து அதிர்ந்து உருளைகள் தங்கள் அடியில் பள்ளம் பறித்துவிடும். ரப்பர் வேறு ஜாதி. வெளிச்சம் ஆகாது, வெப்பம் ஆகாது, மோட்டாரில் பொறி தட்டும்போது உண்டாகிற ஓசோன் ஆகவே ஆகாது. ஓ-ரிங்கை ஆணியில் மாலை மாதிரி மாட்டிவைக்கிற கடைகளைச் சென்னை ஜார்ஜ் டவுனில் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதே எனக்கு நெஞ்சு பதறும். தொங்கின இடத்தில் நீண்டு, அதற்கப்புறம் அது வளையமாகவே உட்காராது. வெல்டிங் ராடு ஈரம் குடித்தால் பற்றவைத்த இடத்துக்குள் வாயு புகுந்து, பல நாள் கழித்து விரிசல் விடும். பற்றவைத்தவனைத் திட்டுவார்கள். தப்பு ராடை வைத்திருந்தவனுடையது.

இதெல்லாம் தெரிந்தபிறகுதான் பின் கார்டு என்கிற அந்தச் சின்ன அட்டைக்கு என்ன மதிப்பு என்று புரிந்தது. எத்தனை வந்தது, எத்தனை போனது, மீதி எத்தனை, பார்ட் நம்பர் என்ன, எந்த ரேக், எந்தத் தேதியில் செய்தது. அதை எழுதுகிறவன் தூங்கிவிட்டால், கப்பல் நடுக்கடலில் விழித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நான் தூங்கிய ஒரு நாளைச் சொல்லிவிடுகிறேன். 1993. நிக்கோபார் பக்கம் போகிற ஒரு கப்பல், மறுநாள் விடியற்காலை கிளம்ப வேண்டும். கடல்நீர் குளிரூட்டும் பம்புக்கு சீல் செட் கேட்டு இண்டென்ட் வந்தது. பின் கார்டில் ஒன்று மீதி என்று இருந்தது, ரேக்கிலும் இருந்தது. பார்ட் நம்பர் சரி. பொட்டலத்தின் மேல் அச்சடித்திருந்த தேதி மட்டும் ஈரத்தில் அழிந்திருந்தது. மாலை ஐந்து மணி ஆகிவிட்டது. நம்பர் சரியாக இருக்கிறதே என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டேன். பிரித்து, அந்த ரப்பர் வளையத்தை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்திருந்தால், மேலே மயிரிழை மயிரிழையாக வெடிப்பு தெரிந்திருக்கும்.

கமோர்ட்டா தீவில் சீல் விட்டது. தண்ணீர் பீறிட்டு, என்ஜினை நிறுத்தி, இரண்டு நாள் அங்கேயே கிடந்தது கப்பல். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர ஏற்றியிருந்த ஒரு பெரியவர், தொடை எலும்பு முறிந்தவர், அந்த இரண்டு நாளும் கட்டையில் கட்டிய காலோடு அதிலேயே படுத்திருந்தார். கப்பல் ஹேடோவுக்கு வந்து அவரை இறக்கும்போது நான் துறையில் நின்றுகொண்டிருந்தேன். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ரெக்கார்டு முழுக்கச் சரியாக இருந்ததே. அண்ணன் மட்டும், “அட்டையைப் பாத்துக் குடுத்திருக்க. சாமானப் பாத்துக் குடுக்கல” என்றார். அன்றைக்குப் பிறகு தேதி தெரியாத ரப்பர் எதுவும் என் கையால் வெளியே போனதில்லை. எத்தனையோ என்ஜினியர்கள் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அண்ணன் விக்ராந்தில் இருந்தவர். 1961-இல் கடற்படையில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பல், பழைய விக்ராந்த். மழை நாளில் ஸ்டோர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தால் அந்தக் கதை வரும். அதில் 1971 பாகிஸ்தான் சண்டையைப் பற்றி அவர் கொஞ்சம்தான் பேசுவார். ட்ரம்மைப் பற்றித்தான் நிறையப் பேசுவார்.

1970 ஜூனில் பம்பாய் டாக்யார்டில் விக்ராந்தைச் சோதித்தபோது பாய்லர்களின் தண்ணீர் ட்ரம்களுக்குள் விரிசல்கள் இருந்தன. வெல்டிங்கில் அடைபடாத விரிசல்கள். மாற்று ட்ரம் இந்தியாவில் எங்கும் இல்லை. நான்கு ட்ரம்களுக்குப் பிரிட்டனுக்கு ஆர்டர் போனது. அவை வரும்வரை பாய்லரை மூட்டக்கூடாது என்று உத்தரவு. நாட்டின் ஒரே விமானந்தாங்கிக் கப்பல் மாதக்கணக்கில் உதிரிபாகத்துக்காகக் கட்டிக்கிடந்தது. 1971 பிப்ரவரி கடைசியில், புது ட்ரம் வராமலே அதை நகர்த்தினார்கள். மார்ச் 1 அன்று குறைந்த அழுத்தத்தில் பாய்லரை மூட்டினார்கள். சோதனை ஓட்டங்களுக்குப் பிறகு, சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டு அழுத்தத்துக்கு மேல் போகக்கூடாது, புரொப்பெல்லர் 120 சுற்றைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டினார்கள். அப்படி ஓட்டினால் வேகம் 14 நாட், அதாவது மணிக்கு 14 கடல் மைல்தான் வரும். 24 நாட்டுக்கு மேல் ஓடக் கட்டிய கப்பல். விமானம் ஏறுவதற்குக் கப்பல் காற்றை எதிர்த்து வேகமாக ஓட வேண்டும், விமானத்தை உந்தி எறியும் கேட்டபுல்ட்டுக்கும் அதே நீராவிதான் வேண்டும். ஒரு ட்ரம் எத்தனை இடத்தில் கையை வைக்கிறது என்று பாருங்கள்.

அந்த நிலையில் அது சென்னைக்கு வந்து, விசாகப்பட்டினம் போய், நவம்பரில் அந்தமானுக்கு வந்தது. ஆளில்லாத ஒரு நங்கூரத் துறையில் நின்றது. ‘போர்ட் எக்ஸ்-ரே’ என்று அதற்கு ரகசியப் பெயர். பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி அதைத் தேடி வங்கக் கடலுக்குள் வந்திருந்தது. கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் அப்போது செய்த காரியத்தை எங்கள் தொழிலில் உள்ளவர்கள் மறக்க முடியாது. விக்ராந்த் விசாகப்பட்டினத்துப் பக்கமே இருக்கிறது என்று எதிரியை நம்பவைக்க, பழைய டெஸ்ட்ராயர் ராஜ்புத்தை விக்ராந்த் மாதிரி வயர்லெஸ்ஸில் நிறையப் பேசவைத்தார். கூடவே விசாகப்பட்டினத்து ரேஷன் கான்ட்ராக்டர்களிடம், ஒரு பெரிய கப்பற்படைக்கு வேண்டிய அளவு கறியும் காய்கறியும் ஆர்டர் செய்தார். ஆர்டர் போனால் பஜார் பேசும். பஜார் பேசினால் ஒற்றர் காதுக்குப் போகும். காஸி டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்து வாயிலில் மூழ்கியது. விக்ராந்தின் விமானங்கள் 4-ஆம் தேதி முதல் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. ஒரு கப்பல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அதன் காய்கறிக் கணக்கைப் பார்த்தால் போதும் என்பது அந்தத் தளபதிக்குத் தெரிந்திருந்தது.

அதே டிசம்பர் நடுவில்தான் அமெரிக்காவின் என்டர்பிரைஸ் மலாக்கா வழியாக வங்கக் கடலுக்குள் வந்தது. எட்டு அணு உலைகள் உள்ள கப்பல். உலகத்தின் முதல் அணுசக்தி விமானந்தாங்கி. ஒரு பக்கம் எட்டு உலை, இன்னொரு பக்கம் விரிசல் விட்ட ட்ரம். “பயமா இருந்துச்சாண்ணே?” என்று கேட்டேன். “அதுக்கும் சோறு வேணும்ல. கூட வந்த டெஸ்ட்ராயருக்கெல்லாம் எண்ணெய் வேணும்ல. எத்தனை நாளைக்குன்னு பாத்துக்கிட்டு இருந்தோம்” என்றார். 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணாகதி ஆகிவிட்டது.

‘அதுக்கும் சோறு வேணும்ல’ என்று அண்ணன் சொன்ன அந்த ஒரு வாக்கியம் எனக்குள் ஊறிக்கொண்டே இருந்தது. 2007 ஜூலை தொடக்கத்தில் ஒரு பாக்கி சாமானுக்காகச் சென்னை வந்திருந்தேன். அந்த வாரம்தான் அமெரிக்காவின் அணுசக்தி விமானந்தாங்கி நிமிட்ஸ் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தது. ஊரில் அணுக் கப்பல் வரக்கூடாது என்று போராட்டம் நடந்தது. நான் கடற்கரையில் நின்று, தொடுவானத்தில் சாம்பல் நிறத்தில் தெரிந்த அதைப் பார்த்தேன். அதற்குள் எத்தனை லட்சம் பின் கார்டு இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதற்கு முன்பு, சுனாமியைச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. நிலநடுக்கத்தில் ஹேடோ துறையே அடிபட்டது. நான் ஸ்டோருக்குப் போனபோது ரேக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. பேரிங், வால்வு, கேஸ்கெட், பம்புத் தண்டு எல்லாம் ஒரே குவியல். குழாய் உடைந்து தண்ணீர் வேறு. அட்டைகள் ஊறிப் போய்விட்டன. கார் நிக்கோபாரிலும் கச்சாலிலும் என்ன ஆயிற்று என்று செய்தி வர வர, மிதக்கிற எல்லாக் கப்பலும் தெற்கே கிளம்ப வேண்டும் என்றார்கள். கிளம்புகிற ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு சாமான் வேண்டும். அது எங்களிடம் இருக்கிறது. எங்கே என்று தெரியவில்லை. பெயரை இழந்த உதிரிபாகம் வெறும் பழைய இரும்பு. மின்சாரம் இல்லாமல், டார்ச் வெளிச்சத்தில், வெர்னியர் வைத்து உள்விட்டம் வெளிவிட்டம் அளந்து, நினைவிலிருந்து பார்ட் நம்பரைச் சொல்லி, சாக்பீஸால் எழுதி வைத்தோம். அப்போது அண்ணன் ஓய்வு பெற்று டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் இருந்தார். வயதையும் பார்க்காமல் நடந்தே வந்தார். நாங்கள் அளந்து தீர்ப்பதற்குள், கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார், இது எந்தப் பம்புடையது என்று. மூன்று இரவு அவர் வீட்டுக்குப் போகவில்லை. அந்த மூன்று நாளில் எங்களால் ஒரு கப்பலும் துறையில் நிற்கவில்லை. என் வாழ்க்கையில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இது ஒன்றைத்தான்.

2020 ஜூலையில் தம்பி மகன் சென்னையிலிருந்து போன் செய்தான். மரைன் என்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். ஊரடங்கில் வீட்டில் இருந்தான். நிமிட்ஸ் அந்தமான் பக்கத்தில் நம் கடற்படையோடு கூட்டுப் பயிற்சி செய்ததாக அன்று செய்தி.

“பெரியப்பா, அது இருபது வருஷத்துக்கு மேல எண்ணெயே போடாம ஓடுமாமே. அப்ப உங்க மாதிரி ஸ்டோர் எதுக்குமே அது வர வேண்டியதில்லைல்ல?”

அவனுக்கு அன்றைக்குப் போனில் ஒரு மணி நேரம் சொன்னதைத்தான், பிறகு தெரிந்ததையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

அவன் சொன்னதில் முதல் பாதி சரி. 1975-இல் சேவைக்கு வந்த நிமிட்ஸ், உலைக்குப் புது எரிபொருள் போட்டது ஒரே தடவை. 1998 முதல் 2001 வரை, அதைக் கட்டிய நியூபோர்ட் நியூஸ் தளத்தில். ஆனால் அணு உலை என்ன செய்கிறது? தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. அவ்வளவுதான். அந்த ஆவி டர்பைனுக்குப் போக வேண்டும், கண்டென்சரில் குளிர்ந்து தண்ணீராக வேண்டும், பம்பு அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். வழி நெடுக வால்வு, கேஸ்கெட், சீல், பேரிங். விக்ராந்தின் பாய்லர் அறையில் இருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் இங்கேயும் இருக்கிறார்கள். ஒரே வித்தியாசம், இங்கே ஒரு போல்ட்டுக்கும் அது எந்த உலையில் உருக்கிய எஃகு, யார் சோதித்தார் என்று சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் தொலைந்தால் நல்ல போல்ட்டும் குப்பைக்குப் போகும்.

உலை விமானத்துக்கு எண்ணெய் கொடுக்காது. நிமிட்ஸ் வகைக் கப்பல் விமான எரிபொருள் மட்டும் 1 கோடி லிட்டருக்கு மேல் சுமக்கிறது. தீவிரமாகப் பறக்கவிட்டால் சில நாளுக்கொரு முறை சப்ளைக் கப்பல் பக்கத்தில் ஓடி வந்து குழாய் கொடுக்க வேண்டும். இறங்குகிற விமானத்தைப் பிடித்து நிறுத்துகிற கம்பிவடத்தைச் சுமார் 125 இறக்கத்துக்கு ஒரு தடவை கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டுவார்கள். ஆட்கள் 5,000 பேர். நம் விமானந்தாங்கி விக்ரமாதித்யா 2013-இல் சேவையில் சேர்ந்தபோது, 1,600 பேருக்கு மாதம் ஒரு லட்சம் முட்டை, 20,000 லிட்டர் பால், 16 டன் அரிசி என்று கணக்குச் சொன்னார்கள். அதை மூன்றால் பெருக்கிக்கொள் என்றேன். உலை உள்ள கப்பலில் குடிதண்ணீருக்குப் பஞ்சம் இல்லை, கடல்நீரைக் காய்ச்சி எடுத்துக்கொள்ளலாம். மற்றபடி வெங்காயம் வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

உதிரிபாகம் இல்லாவிட்டால் அணு உலையும் கைகட்டி நிற்கும் என்பதற்குப் பிரான்சின் சார்ல் து கோல் கப்பலைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 2000 நவம்பரில் அட்லாண்டிக்கில் சோதனை ஓட்டத்தில் அதன் புரொப்பெல்லர் இதழ் ஒன்று உடைந்து விழுந்தது. இரண்டு உலைகள், பல வருட உழைப்பு, புத்தம்புதுக் கப்பல். மாற்றுக்காகச் செய்து வைத்திருந்த புரொப்பெல்லர்களிலும் அதே வார்ப்புக் குறை. கடைசியில், எண்ணெயில் ஓடிய அவர்களுடைய பழைய கப்பல்களான கிளெமன்சோ, ஃபோஷ் இரண்டுக்கும் உரிய புரொப்பெல்லர்களை எடுத்து மாட்டினார்கள். வேகம் குறைந்தது. ஆனால் ஓடியது. 2007-08 பழுதுபார்ப்பில் புது புரொப்பெல்லர் வரும் வரை அப்படியே ஓடியது. அந்தப் பழைய புரொப்பெல்லர்களைக் காசுக்குப் போடாமல் எண்ணெய் தடவி மூடிவைத்திருந்த பிரெஞ்சு ஸ்டோர்க்காரர் யாரோ, அவரைப் பார்த்துக் கும்பிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

அமெரிக்காவிலும், புதிய விமானந்தாங்கியான ஃபோர்டு கப்பலை நிற்காமல் வைத்திருக்க, இன்னும் கட்டிக்கொண்டிருந்த ஜான் எஃப். கென்னடி கப்பலிலிருந்து பாகங்களைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஒன்றை உரித்து இன்னொன்றுக்குப் போர்த்துவது. எல்லா ஸ்டோரிலும் நடப்பதுதான், நானும் செய்திருக்கிறேன். ஒரு பாகத்தை இரண்டு தடவை கழற்றி இரண்டு தடவை மாட்டும்போது அதன் ஆயுள் குறைகிறது. உரிக்கப்பட்ட கப்பலோ தன் முறை வரும்போது கிளம்ப முடியாமல் நிற்கிறது. நம் நாட்டிலும், விக்ரமாதித்யாவின் மிக்-29கே விமானங்களில் பறக்கத் தயாராக இருந்தவை 16 முதல் 38 சதவீதம் வரைதான் என்று 2016-இல் கணக்குத் தணிக்கை அறிக்கை சொன்னது. கப்பலை விலை பேசும்போது உதிரிபாகத்தையும் சேர்த்துப் பேசாவிட்டால், கப்பல் வந்து சேரும். உதிரிபாகம் வந்துகொண்டே இருக்கும்.

எதை எத்தனை வைப்பது என்று எப்படித் தீர்மானிப்பது பெரியப்பா என்று கேட்டான். நல்ல கேள்வி. அடிக்கடி தேய்வதை நிறைய வை. அது சுலபம், போன வருடத்து அட்டையே சொல்லிவிடும். கஷ்டம், தேயவே தேயாத பொருள்தான். ட்ரம், தண்டு, புரொப்பெல்லர். முப்பது வருடம் ரேக்கில் கிடக்கும். ஒவ்வொரு தணிக்கைக்காரரும் வந்து, பணம் முடங்கிக் கிடக்கிறதே, ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்பார். அது போனால் கப்பல் நிற்குமா, வாங்க எத்தனை மாதம் ஆகும், செய்தவன் இன்னும் கடை வைத்திருக்கிறானா என்று மூன்று கேள்வி கேட்டு, அவருக்குப் பதில் எழுதிவிட்டு, மறுபடி எண்ணெய் தடவி மூடி வைக்க வேண்டும். 1970-இல் பம்பாயில் நான்கு ட்ரம் அப்படி ஒரு மூலையில் கிடந்திருந்தால், என் அண்ணன் 14 நாட் வேகத்தில் சண்டைக்குப் போயிருக்க மாட்டார்.

ஹேடோவில் இருந்து பார்த்தால் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. சென்னை 1,300 கிலோமீட்டருக்கு மேல். புயல் வந்தால் கப்பல் வராது. ஒரு சீல் செட்டுக்காக, சென்னை விமான நிலையத்தில் முன்பின் தெரியாத ஒரு பயணியிடம் கெஞ்சி, கைப்பையில் வைத்துக் கொடுத்தனுப்பி, இங்கே வாசலில் நின்று வாங்கிய நாட்களும் அந்தக் காலத்தில் உண்டு. அவசரத்துக்குக் கடையில் வாங்கிய பேரிங் போலி என்று பிறகு தெரிந்ததும் உண்டு. அட்டையில் பெயர் அச்சு சரியாக இருக்கும். வளையத்தில் செதுக்கிய எழுத்து மழுங்கியிருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

இங்கே மிதக்கும் உலர்தளம் இருக்கிறது. சென்னை அருகே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கட்டி 2017 ஜூனில் நீரில் இறக்கியது. 185 மீட்டர் நீளம், 8,000 டன் வரை உள்ள கப்பலைத் தூக்கும். விமானந்தாங்கி அதில் ஏறாது. 2022-இல் கொச்சியில் சேவையில் சேர்ந்த புதிய விக்ராந்தின் நீளமே 262 மீட்டர். ஆகவே இத்தனை பெரிய கப்பலுக்கு இந்தத் தீவு என்ன கொடுக்க முடியும் என்றால், ஸ்டோர்தான் கொடுக்க முடியும். கூரைக்குக் கீழே, காய்ந்த காற்றில், தேதி தெரிகிற பொருள்.

அதே காட்டுப்பள்ளிக்கு 2022 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ கப்பல் பழுதுபார்க்க வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுபார்க்க வந்தது அதுவே முதல் தடவை. அது சண்டைக் கப்பல் அல்ல. உணவும் உதிரிபாகமும் வெடிபொருளும் ஏற்றிக்கொண்டு கடலிலேயே மற்றக் கப்பல்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற சரக்குக் கப்பல். நிமிட்ஸ் போன்றவை உயிரோடு இருப்பது இந்த மாதிரிக் கப்பல்களால்தான். ட்ரூ என்பவர் ரத்தத்தை எடுத்துப் பத்திரமாகச் சேமித்து வைக்கும் முறையை வளர்த்த மருத்துவர். தேவைப்படுவதற்கு முன்பே எடுத்து வைத்தவர். சப்ளைக் கப்பலுக்கு அவர் பெயரை வைத்தவர்களை எனக்குப் பிடித்திருக்கிறது. தம்பி மகன் இப்போது கப்பலில் இருக்கிறான். போய்ச் சேர்ந்த முதல் நாள், என்ஜின் ரூமுக்குப் போவதற்கு முன்னால் ஸ்டோருக்குப் போய் ரப்பரை இழுத்துப் பார்த்ததாக எழுதியிருந்தான்.

2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஹேடோ ஹேடோவாகவே இருக்கிறது. நம் கடற்படை ஒரு நாள் அணுசக்தி விமானந்தாங்கி கட்டக்கூடும் என்று செய்திகள் வருகின்றன. அணு உலையால் கப்பலை ஓட்டும் பாடத்தை நம் கல்பாக்கத்தில் கரையிலேயே உலை வைத்துப் படித்து, அரிஹந்த் நீர்மூழ்கியைக் கட்டி, 2016 முதல் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஆகவே உலை நம்மால் முடியும். அதைத் தீர்மானிக்கிற இடத்தில் இருக்கிறவர்களிடம் இந்தப் பழைய ஸ்டோர்க்காரன் கேட்பது இதுதான்: கப்பலுக்குக் கையெழுத்துப் போடுகிற அன்றே அதன் உதிரிபாகப் பட்டியலுக்கும் கையெழுத்துப் போடுங்கள். தேயவே தேயாது என்று சொல்கிற பொருளில் ஒவ்வொன்று கூடுதலாக வார்த்து வாங்குங்கள். அதில் ஒரு செட்டை இந்தத் தீவில் வையுங்கள். வைத்துவிட்டு, சிலிக்கா ஜெல்லை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பார்க்க ஒரு ஆளையும் போடுங்கள்.